கேட்க ஓர் ஆள்

திரையில் முகம் தெளிந்ததும் பெனிட்டா முதலில் கேட்பது ஒன்றைத்தான்.

“நான் ஒரிஜினலா, ஜெராக்ஸா?”

“ஜெராக்ஸ்.”

“ச்சே. அப்ப அவ எங்க?”

“கேன்டீன்ல. காபி குடிக்கிறா.”

“எனக்கு இங்க மூக்கடைச்சு உசுரு போகுது. அவளுக்குக் காபி கேக்குது பாரு.”

நகலிடம் அது நகல் என்பதை மறைக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. ஒரிஜினல் எங்கே என்பது பற்றி விதி எதுவும் இல்லை. அவள் இறந்து ஒரு வருடம் ஆகப்போகிறது.

திரையில் இருப்பவளுக்கு அது தெரியாது. ஸ்கேன் எடுத்த அன்று காலையோடு அவளுடைய நினைவு நின்றுவிட்டது. ஒவ்வொரு முறையும் அதே காலையில்தான் விழிக்கிறாள். அதே ஆரஞ்சு சுடிதார். அதே மூக்கடைப்பு. பேசி முடித்ததும் பழையபடி ஆக்கிவிடுவார்கள். அடுத்த முறை மீண்டும் ஒரிஜினலா, ஜெராக்ஸா.

திருச்சிக்கு வெளியே, புதுக்கோட்டைச் சாலையில் இருக்கும் துகள் சிகிச்சை மையத்தில் என்னைப் போன்றவர்களுக்குக் ‘கேட்பவர்’ என்று பெயர். என் மனைவி பெனிட்டாவுக்கு வந்தது வாசனை நரம்பில் கட்டி. லட்சத்தில் ஒருவருக்குக்கூட வராது. கண்ணுக்குப் போகும் நரம்பும் மூளையும் அதற்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. கதிரை எந்தக் கோணத்தில் எவ்வளவு செலுத்தினால் கட்டி சாகும், ஆள் மிஞ்சுவார் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. இத்தனை அரிதான நோய்க்குப் புத்தகம் எழுத நோயாளிகள் போதாது.

ஆகவே நோயாளியின் தலையைக் கணினிக்குள் நகலெடுக்கிறார்கள். நினைவு, பேச்சு, கோபம் எல்லாவற்றோடும். ஒவ்வொரு திட்டத்தையும் முதலில் நகலின் மேல் ஓட்டுகிறார்கள். வருடக்கணக்கில் வரக்கூடிய விளைவு நிமிடங்களில் வந்துவிடுகிறது. பிறகு அந்த நோயாளியோடு வாழ்ந்த ஒருவர் திரைக்கு முன் உட்கார்ந்து பேச வேண்டும். என்ன குறைகிறது என்று சொல்ல வேண்டும். நரம்பு கெட்டதைக் கருவி காட்டும். ஆள் கெட்டதைக் காட்டாது.

பெனிட்டாவுக்கு நான் கேட்டேன். ஒரு திட்டத்தில் அவளுக்கு என் பெயர் வரவில்லை. இன்னொன்றில் எல்லாம் இருந்தன, ஆனால் ‘வாங்க, போங்க’ என்றாள். கல்லூரியில் முதல் நாளே என்னை ‘டா’ போட்டவள். வேண்டாம் என்றேன். இன்னொன்றில் தன் அப்பா இறந்ததைச் சிரித்துக்கொண்டே சொன்னாள். வேண்டாம் என்றேன். கடைசியில் ஒன்றில் எதுவும் குறையவில்லை. அதைத்தான் அவளுக்குக் கொடுத்தார்கள்.

நகலுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவளுக்குப் பார்வை போனது. எங்களிடம் சொல்லவில்லை. மாடிப்படியில் கால் தவறி விழுந்த அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. முன்பே வந்திருந்தால் மருந்து இருந்தது என்றார் டாக்டர். அதற்குள் கதிர் பட்ட இடத்தில், மூளையில் ரத்தம் கசியத் தொடங்கியிருந்தது.

இறந்தவரின் நகலை மருத்துவத்துக்குப் பயன்படும்வரை வைத்துக்கொள்ளலாம். பயன் முடிந்தால் அழிக்க வேண்டும். அது சட்டம். திட்டத்தில் எங்கே தவறு என்று மையம் தேடிக்கொண்டிருந்தது. நகலின் மேல் மீண்டும் மீண்டும் ஓட்டினார்கள். நகல் ஒவ்வொரு முறையும் பிழைத்தது. கூப்பிட்டபோதெல்லாம் போனேன். காரணம் கிடைக்க வேண்டும் என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் சொன்னேன். கிடைக்காதவரை அவளைப் பார்க்கலாம் என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது.

அப்போதுதான் சுடலைமுத்து வந்தார்.

நெல்லைப் பக்கம் பாபநாசம் பணிமனையில் பஸ் கண்டக்டர். அறுபதை நெருங்குகிறவர். வாசனை நரம்பில் கட்டி, பெனிட்டாவுக்கு இருந்த அதே இடத்தில். திட்டம் போடும் இயற்பியலாளர் நஸ்ரின் என்னையும் அறைக்குள் கூப்பிட்டிருந்தார். சுடலைமுத்து வாயைத் திறந்து மூச்சு விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“சாதாரண எக்ஸ்ரே உடம்புக்குள்ள புகுந்து அந்தப் பக்கமா வெளிய போயிடும். வழியெல்லாம் சுட்டுக்கிட்டே போகும்” என்றார் நஸ்ரின். “கார்பன் துகள் அப்படி இல்ல. எந்த ஆழத்துல நிக்கணும்னு நாங்க சொல்றமோ, அங்க போய் நின்னு, அங்கதான் தன் பலத்தையெல்லாம் இறக்கும். அதைத் தாண்டி ஒண்ணும் போகாது.”

“டிக்கெட் எடுத்த ஸ்டாப்புல இறங்கிரும்ங்கிய.”

“கிட்டத்தட்ட.”

“தூங்கிட்டு ஸ்டாப்பத் தாண்டிட்டான்னா?”

“தாண்டாது.”

“நீங்க பஸ்ஸுல போனதே இல்லன்னு நெனைக்கேன் டாக்டரம்மா.”

“நான் டாக்டர் இல்லைங்க. கணக்குப் போடறவ.”

“அப்ப செக்கிங் இன்ஸ்பெக்டருன்னு வைங்க.”

நஸ்ரின் சிரிக்கவில்லை. “உங்களோட இருக்கறவங்க யாராவது வரணும். கேட்கறதுக்கு.”

“எங்கூட இருந்தவ எப்பவோ இறங்கிட்டா. பிள்ளைகளும் இல்ல. டிப்போல கேட்டியன்னா நாலு பேரு என்னைப் பத்திச் சொல்லுவான். நல்லதாச் சொல்ல மாட்டான்.”

“அப்போ உங்க நகலை ஓட்டிப் பிரயோஜனம் இல்ல. என்ன குறைஞ்சுதுன்னு எங்களுக்குத் தெரியாது. சேவியரோட மனைவிக்கும் இதே கட்டி. அவங்க இப்ப இல்ல. நகல் இருக்கு. உங்க கட்டியோட அளவை அதுல பொருத்தி ஓட்டறோம். சேவியர் கேட்பார்.”

சுடலைமுத்து என் பக்கம் திரும்பினார். “செத்துப்போன பிள்ளைய எனக்காக எழுப்பணுமா வே? பாவம்லா.”

“பரவால்ல” என்றேன்.

இரக்கத்தில் சொன்னது இல்லை. மையத்துக்கு என் மனைவி மறுபடி தேவைப்பட்டாள். அவ்வளவுதான்.

என் மாமியார் அமலோற்பவம் மட்டும் ஒருமுறைகூட நகலைப் பார்க்க வந்ததில்லை. “எம்புள்ளைய மண்ணுக்குள்ள வெச்சாச்சு. டிவில வர்றதெல்லாம் எம்புள்ள ஆகாது” என்றுவிட்டார். ஆனால் மையத்தைவிட்டுப் போகவும் இல்லை. எதிரே நோயாளிகள் தங்கும் விடுதியில் ஓர் அறை எடுத்துக்கொண்டு அங்கேயே இருக்கிறார். விழுங்க முடியாதவர்களுக்குக் கஞ்சி காய்ச்சுகிறார். துணைக்கு ஆள் இல்லாதவர்களைக் கைபிடித்துக் கூட்டிக்கொண்டு போகிறார். சுடலைமுத்து வந்த அன்றே அவருக்கும் கஞ்சி போனது.

மறுநாள் காலை காத்திருக்கும் கூடத்தில் சுடலைமுத்துவைப் பார்த்தேன். முகம் சிவந்து வியர்த்திருந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தார். அவரை அப்படிப் பார்த்தது முதல் முறை. நொச்சி இலை வாடை வந்தது.

“என்ன அண்ணாச்சி, குளிச்சிட்டு வந்தீங்களா?”

“குளியலா? ஒங்க அத்தையாலதான் வே. சட்டில நொச்சியும் மஞ்சளும் போட்டுக் கொதிக்க வெச்சு, போர்வையப் போட்டு மூடிட்டாவ. இட்லி மாதிரி வெந்துட்டேன். ஆனா மூக்கு தொறந்துட்டு, பாத்துக்கிடும். எத்தனை மாசமா அடைச்சுக் கெடந்தது.” மூக்கால் இழுத்துக் காட்டினார். “தெனமும் வாங்கன்னாவ. மகளுக்கும் தெனமும் குடுப்பாவளாம்லா.”

நான் துவாக்குடியில் ஒரு வார்ப்பு ஆலையில் தரப் பரிசோதனையில் இருக்கிறேன். வார்த்த இரும்புக்குள் காற்றுக் குமிழி இருக்கிறதா என்று கதிர் விட்டுப் பார்ப்பது என் வேலை. இரும்பு கதிரைத் தடுக்கும். காற்று தடுக்காது. குமிழி இருந்தால் கதிர் அங்கே கூடுதலாகப் பாயும். படத்தில் கறுப்பாக விழும். பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுப்பது.

பெனிட்டாவின் ஸ்கேன் மூக்கு அடைத்திருந்தபோது எடுத்தது. சளியையும் சேர்த்துத்தான் ஆழத்தைக் கணக்குப் போட்டிருப்பார்கள். சளி போய்விட்டால் துகள் ஸ்டாப்பைத் தாண்டிவிடும்.

விடுதிக்குப் போனேன். மாமியார் அரிசி களைந்துகொண்டிருந்தார்.

“அத்தை, பெனிக்கு ஆவி பிடிக்க வெச்சீங்களா?”

“ஆமா மாப்ள, தினமும். நீங்க காலை ஷிஃப்டுக்குப் போனப்புறம்.” நிமிரவில்லை. “வலைமாதிரி ஒரு முகமூடியப் போட்டு, மூஞ்சிய மேசையோட சேத்துத் திருகிடுறாங்க. அசைய முடியாது. மூக்கும் அடைச்சுக்கிட்டா புள்ள எப்படி மூச்சு விடும்? மொத நாளு பயந்து கத்திடுச்சு. அதுக்கப்புறம் நான் விடல. ஆவி புடிச்சுத்தான் கூட்டிட்டுப் போவேன்.”

“டாக்டர்கிட்ட சொன்னீங்களா?”

“ஆவி புடிக்கிறது என்ன மருந்தா, சொல்றதுக்கு? எண்ணெய் வைக்காதீங்க, பவுடர் போடாதீங்கன்னாங்க. வைக்கல, போடல.” தண்ணீரை வடித்தார். “எத்தனையோ பட்டுச்சு. ஆனா அந்த மேசையில படுத்திருந்த நேரமெல்லாம் எம்புள்ள நல்லா மூச்சு விட்டுச்சு. அது ஒண்ணுதான் மாப்ள எனக்கு.”

அந்த நாட்களில் மாலை வீட்டுக்கு வரும்போது பெனிட்டாவின் குரல் தெளிவாக இருக்கும். சிகிச்சை வேலை செய்கிறது என்று நினைத்தேன்.

“இப்ப வந்திருக்கிறது புது மெஷினாம் அத்தை. இதுக்கு ஆவி ஆகாதாம். கண்டக்டருக்கு இனிமே குடுக்காதீங்க. யாருக்கும் குடுக்காதீங்க.”

“அப்படியா?” இப்போது நிமிர்ந்தார். “பழசுக்கு ஆகுமா?”

“ஆகும்.”

“ஆகும்னா?”

“பழசுக்கு ஒண்ணும் பண்ணாது.”

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். “இருந்து கஞ்சி குடிச்சிட்டுப் போங்க. என்ன கோலத்துல இருக்கீங்கன்னு கண்ணாடில பாத்தீங்களா?”

குடித்தேன். அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். சுடலைமுத்துவின் ஸ்கேன் மூக்கு அடைத்திருந்தபோது எடுத்தது. ஆவியை நிறுத்தினால் மூக்கு மறுபடி அடைத்துவிடும். கணக்குச் சரியாக இருக்கும். யாரிடமும் எதையும் சொல்ல வேண்டியதில்லை.

சொன்னால் என்ன ஆகும் என்று தெரியும். காரணம் கிடைத்துவிடும். நகலுக்கு வேலை இருக்காது. அத்தைக்கு அந்த ஒன்றும் இருக்காது.

சில நாள் கழித்து நஸ்ரின் சுடலைமுத்துவுக்குத் திட்டத்தை விளக்கினார். நானும் இருந்தேன்.

“முழு அளவு குடுக்கப் போறதில்ல. பெனிட்டாவுக்கு நாங்க பாதுகாப்பானதுன்னு நினைச்ச அளவுதான் குடுத்தோம். அதுக்கே கண் நரம்பு போயிடுச்சு. இந்த நோயில அந்த நரம்பு நாங்க நினைச்சதைவிட மெல்லிசு போல. உங்களுக்கு அளவைக் குறைக்கறோம். பார்வை நிக்கும்.”

“கட்டி?”

“சுருங்கும்.”

“சுருங்குமா, சாவுமா?”

“சுருங்கும். திரும்ப வளர ரெண்டு வருஷம் ஆகலாம். அப்போ மறுபடி குடுக்க முடியாது.”

சுடலைமுத்து தலையை ஆட்டினார். “ரெண்டு வருசம். ரிடயர்மென்ட்டு வரைக்கும் வண்டி கரெக்டா வந்து நின்னுரும். கவர்மென்ட்டுக்குப் பென்சன் மிச்சம்.”

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன். மூக்கு மறுபடி அடைத்திருந்தது. எதிரே கூடத்தில் கூட்டம். இரண்டு பெண்கள் வழியை மறித்துக்கொண்டு நின்றார்கள். வழக்கமாக ‘உள்ள போங்க, உள்ள போங்க’ என்று அதட்டிச் சிரிக்கவைப்பார். அன்று ஒன்றும் சொல்லவில்லை.

“வே” என்றார்.

“சொல்லுங்க அண்ணாச்சி.”

“எனக்குச் சாகப் பயமா இருக்கு.”

நகைச்சுவை எதையும் சேர்க்கவில்லை. கைகளைத் தொடைகளுக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

எழுந்து நஸ்ரின் அறைக்குத் திரும்பிப் போனேன். நின்றுகொண்டே சொன்னேன். சட்டி, நொச்சி, போர்வை, காலை ஷிஃப்ட். சொல்லி முடிக்க அதிக நேரம் ஆகவில்லை.

நஸ்ரின் கணினியில் பெனிட்டாவின் பழைய படங்களைத் திறந்து பார்த்தார். பிறகு தனக்கே சொல்லிக்கொள்வதுபோல் சொன்னார். “தினம் ஒரு படம் எடுப்போம். எலும்பு சரியா உக்காந்திருக்கான்னு மட்டும்தான் அதுல பாப்போம். எலும்பு சரியா இருந்துது. சளியை யாரு பாத்தா?”

“சளி இல்லாட்டி எவ்வளவு தள்ளிப் போகும்?”

“நரம்புவரைக்கும் போகும். அதைத் தாண்டியும் போகும்.” கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். “நகலுக்கு எப்பவும் மூக்கு அடைச்சே இருந்துது. அதனாலதான் அது ஒவ்வொரு தடவையும் பிழைச்சுது. ஒரு வருஷமா நாம வேற ஒருத்தரைக் கேட்டுக்கிட்டு இருந்திருக்கோம், சேவியர்.”

“இப்ப இவருக்கு முழு அளவு குடுக்கலாமா?”

“நீங்க சொல்றதை வெச்சு மட்டும் குடுக்க முடியாது. நகலோட மூக்கைத் திறந்து ஒரு தடவை ஓட்டணும். பெனிட்டாவுக்கு ஆன மாதிரியே பார்வை போச்சுன்னா, தப்பு நரம்பு மேல இல்ல, ஆழத்துலதான். இவருக்கு முழு அளவு குடுக்கலாம். கட்டி செத்துடும்.”

“போகலன்னா?”

“காரணம் வேற. இவருக்குக் குறைஞ்ச அளவுதான். நாங்க நகலை வெச்சு இன்னும் தேடுவோம்.”

“போச்சுன்னா?”

“தேட ஒண்ணும் இருக்காது.”

அழிப்பது என்ற சொல்லை அவர் சொல்லவில்லை.

“கருவியே காட்டிடாதா? நான் எதுக்கு?”

“நரம்பு எவ்வளவு சுருங்கிச்சுன்னு காட்டும். பாதி சுருங்கியும் பாக்கறவங்க இருக்காங்க. பார்வை இருக்கா இல்லையாங்கறதைக் கேட்பவர்தான் சொல்லணும். நீங்க சொல்றதுதான் பதிவாகும்.” கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டார். “வேண்டாம்னா சொல்லுங்க. அவங்க அம்மாவைக் கூப்பிடலாம். வேற யாரும் இல்ல.”

“நானே வரேன்” என்றேன்.

“உங்க மாமியார் பேர் அறிக்கைல வராது.”

“நன்றி மேடம்.”

கேட்கும் அறை சிறியது. ஒரு நாற்காலி. எதிரே திரை. திரைக்கு மேல் அவளுடைய கண்ணாக ஒரு கேமரா. கதவுக்குப் பக்கத்தில் சுவரில் ஒரு பொத்தான். அதை அழுத்திக்கொண்டு பேசினால் அது நஸ்ரினுக்கு மட்டும் போகும், திரைக்குப் போகாது. முடிவைச் சொல்ல எழுந்து அங்கே போக வேண்டும்.

முகம் தெளிந்தது.

“அட” என்றாள். மூக்கால் நீளமாக மூச்சு இழுத்தாள். விட்டாள். மறுபடி இழுத்தாள். “டேய், மூக்கு தொறந்திருக்குடா.”

“ம்.”

“அப்ப நான் ஜெராக்ஸ்.”

“எப்படிச் சொல்ற?”

“காலைல ஒரு சொட்டு காத்து போகல. இவ்வளவு சீக்கிரம் எனக்கு நல்லதெல்லாம் நடக்காது.” உற்றுப் பார்த்தாள். “என்னடா தாடி? நேத்து மழமழன்னு இருந்த. எத்தனை நாளா என்னை வெச்சு ஓட்டிக்கிட்டு இருக்கீங்க?”

“கொஞ்ச நாளா.”

“மெலிஞ்சுட்ட. அவ சமைக்கறதில்லையா?”

“அவ என்னிக்குச் சமைச்சா?”

சிரித்தாள். அடைப்பு இல்லாத சிரிப்பு. அதைக் கேட்டு ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. இத்தனை நாள் நான் பேசிக்கொண்டிருந்தவளுக்கு இந்தச் சிரிப்பு இல்லை என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

காதில் மாட்டியிருந்த கருவியில் நஸ்ரினின் குரல் வந்தது. “ஆரம்பிக்கலாமா, சேவியர்?”

“பெனி, கொஞ்ச நேரம் நிறுத்துவாங்க. பயப்படாத.”

“நான் எதுக்குப் பயப்படறேன்? எதுனாலும் அவளுக்குத்தானே” என்றாள்.

முகம் உறைந்தது. அவளுக்கு வாரங்கள் எடுத்த சிகிச்சையும், அதற்குப் பிந்திய மாதங்களும் அதற்குள் ஓடின. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

முகம் அசைந்தது. கண்களைச் சிமிட்டினாள். மறுபடி சிமிட்டினாள்.

“பெனி.”

“இருக்கேன் இருக்கேன்.” புன்னகைத்தாள்.

“நான் யாரு?”

“வேலவெட்டி இல்லாத ஒரு இரும்புக்காரன்.”

“உங்க அம்மா பேரு?”

“அமலோற்பவம். ஊர்ல அமலா டீச்சர்னு சொன்னாத்தான் தெரியும். ஒரு நாளும் டீச்சர் வேலை பாத்ததில்ல. எல்லாரையும் மிரட்டியே வாங்கின பேரு.”

“தலை வலிக்குதா?”

“நீ பேசினா வலிக்குது.”

“பார்வை எப்படி இருக்கு?”

“நல்லாத்தான் இருக்கு.”

“என்ன தெரியுது?”

“ஒரு தாடிக்கார லூசு தெரியுது. வேற என்ன தெரியணும்?”

தாடி இருந்தது. பெயர் இருந்தது. கோபம், குத்தல், ‘டா’ எல்லாம் இருந்தன. இன்னும் சில கேள்விகள் கேட்டேன். கல்லூரி, எங்கள் கல்யாணம், அவளுக்குப் பிடிக்காத என் சித்தி. சித்தியைப் பற்றி வழக்கத்தைவிட அதிகமாகவே சொன்னாள். மூச்சு சீராக இருந்தது.

எதுவும் குறையவில்லை.

பார்வை போகவில்லை என்றால் காரணம் வேறு. நொச்சி இல்லை, அத்தை இல்லை. இன்னும் தேடுவார்கள். வாரத்துக்கு ஒருமுறையாவது கூப்பிடுவார்கள். சுடலைமுத்துவுக்கு இரண்டு வருடம் இருக்கிறது. இரண்டு வருடத்தில் புதிதாக எதுவும் வரலாம். இதையெல்லாம் யோசிக்க எனக்கு நேரமே ஆகவில்லை. முன்பே யோசித்து வைத்திருந்ததுபோல் வந்தது.

எழுந்தேன். கதவுப் பக்கம் நடந்தேன். பொத்தானில் விரலை வைத்துத் திரும்பிப் பார்த்தேன்.

பெனிட்டா நாற்காலியைப் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டிருந்தாள்.

“என்ன, ஒண்ணும் பேசாம குறுகுறுன்னு பாக்கற?” என்றாள் நாற்காலியிடம்.

நான் அசையவில்லை.

“முறைக்காதடா. நல்லாத்தான் இருக்கேன்.” குரல் கொஞ்சம் தாழ்ந்தது. “எதையாவது நெனச்சுக்கிட்டு அம்மாகிட்ட போய் உளறி வைக்காத. அது தாங்காது.”

கடைசி மாதங்களில் அவள் என்னோடு பேசும்போது என் முகத்துக்குச் சற்றுத் தள்ளிப் பார்த்துப் பேசினாள். சாப்பிடும்போது தட்டைக் கையால் ஒருமுறை சுற்றித் தடவிவிட்டுத்தான் சாப்பிட்டாள். என்மேல் ஏதோ கோபம் என்று நினைத்தேன். ஆறட்டும் என்று விட்டுவிட்டேன்.

“சேவியர்?” நஸ்ரினின் குரல். “என்ன குறையுது?”

திரையில் அவள் காத்திருந்தாள். தலையை லேசாகச் சாய்த்து, யாரும் இல்லாத நாற்காலியைப் பார்த்தபடி. நான் எதுவும் குறையவில்லை என்று சொல்வேன் என்று நம்பிக்கொண்டிருப்பவளைப்போல.

“சேவியர், கேக்குதா?”

பொத்தானை அழுத்தினேன்.

“பார்வை.”

“எவ்வளவு?”

“முழுசா.”

“அவங்க சொன்னாங்களா?”

“இல்ல. சொல்ல மாட்டா.”

அந்தப் பக்கம் விசைப்பலகைச் சத்தம் கேட்டது. நின்றது.

“உறுதியா, சேவியர்? இதை வெச்சுத்தான் அவருக்கு அளவு போடப்போறேன்.”

“உறுதி.”

“சரி.” சற்று நேரம் கழித்து, “நான் அவசரப்படுத்தல. நீங்க சொல்லும்போது நிறுத்தறேன்” என்றார்.

பொத்தானிலிருந்து விரலை எடுத்தேன்.

“எங்கடா போன?” என்றாள் பெனிட்டா. சட்டென்று சிரித்துச் சமாளித்தாள். “சும்மா கேட்டேன். அங்கதான் இருக்க, தெரியுது.”

“இங்கதான் இருக்கேன்.”

சத்தம் வராமல் நடந்தேன். அவள் பார்த்துக்கொண்டிருந்த இடத்தில் போய் உட்கார்ந்தேன்.